மூன்றாம் அறையில் நடந்த பொதுத்தேர்தல்

சந்திரவதனாவைத் தலைமைத் தேர்தல் ஆணையாளராக நியமித்தபோது அவள் கையில் பால் சாடி இருந்தது. மார்ச் மாதத்துக் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தாகப் பத்து நிமிடம். ஃபாரிங்டனில் இருக்கும் ஜனநாயகப் பங்காண்மை மையத்தின் இரண்டாம் மாடியில், மூன்றாம் அறையில், அவள் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன உதவி" என்று வந்து நின்றான் ராஜீவ். சென்னைக்காரன், முப்பது வயதிருக்கும். மையத்தின் அரபு நாடுகள் பிரிவில் திட்ட அலுவலர்.

"சொல்லுங்கோ தம்பி."

"டென்மார்க்லேர்ந்து வரவேண்டிய தேர்தல் நிபுணர் வரலை. ஃபிளைட் கேன்சல். மாதிரித் தேர்தல் இன்னிக்கு நடந்தே ஆகணும். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள முடிக்கலேன்னா ஜனநாயகம் அடுத்த பட்ஜெட் வருஷத்துக்குப் போயிடும். நீங்கதான் ஆணையாளரா உக்காரணும்."

"நான் கதிரை அடுக்கிற ஆள் தம்பி."

"அதான்க்கா வசதி. ஆணையாளர் நடுநிலையா இருக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கு. இந்தக் கட்டடத்துல எந்த விஷயத்துலயும் யாரும் கருத்து கேக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அதில் பொய் இல்லை. குட்மேய்ஸிலிருந்து இரண்டு வருடமாக ரயிலேறி வந்துபோகிறாள். வேலைக்கு அனுப்பியது ஒரு ஏஜென்சி. அறைகளைத் தயார் செய்வது, பெயர் அட்டைகளை நிமிர்த்தி வைப்பது, காப்பி ஊற்றுவது, கூட்டம் முடிந்ததும் மிச்சமான பிஸ்கட்டை மூடி வைப்பது என்று அவள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தாள். அரசாங்கம் வெளிநாட்டு உதவியாக ஒதுக்குவதில் ஒரு பங்கை எடுத்து அரபு நாடுகளில் மக்களாட்சியை வளர்ப்பது மையத்தின் பணி. அது எப்படி வளர்கிறது என்பதைக் காட்ட வரவேற்பறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. முன்னேறிய நாடு பச்சை, முன்னேறாத நாடு சிவப்பு, பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் நாடு மஞ்சள்.

கஸ்ரான் என்ற நாடு பதினொரு வருடமாக மஞ்சளில் இருந்தது. இடையில் அந்த நாட்டு மன்னர் பாராளுமன்றத்தை இரண்டு முறை கலைத்தார். பிறகும் நிறம் மாறாததைப் பார்த்துச் சந்திரவதனா ஒருநாள் ராஜீவிடம் காரணம் கேட்டாள்.

"முதல் தடவை யாரையும் கேக்காம கலைச்சாங்கக்கா. ரெண்டாம் தடவை, கலைக்கிறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு பயிலரங்கு கேட்டாங்க. அது முன்னேற்றம்தானே."

அந்தக் கஸ்ரானிலிருந்துதான் திங்கட்கிழமை எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று வந்திருந்தது. தலைவர் அரசியல் சீர்திருத்தத் துறையின் துணை அமைச்சர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மையத்தின் படிவம் கேட்டதால், மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஹனான் என்ற ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்கள்.

வரவேற்புரையை மையத்தின் இயக்குநர் ஹ்யூகோ பெம்பர்ட்டன் ஆற்றினார். உயரமான மனிதர். மக்களாட்சி என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை ஒரு கணம் மூடித் திறப்பார்.

"நாங்கள் யாருக்கும் மக்களாட்சியைக் கற்றுக்கொடுப்பதில்லை" என்றார். "நீங்கள் கற்றுக்கொண்டே இருக்கும்வரை உங்களோடு நடக்கிறோம், அவ்வளவுதான். கஸ்ரான் எங்கள் நெருங்கிய நண்பன். உங்கள் துறைமுகத்தில் எங்கள் கப்பல்கள் நிற்கின்றன. கப்பல் நிற்கும் துறைமுகத்தில் சீர்திருத்தம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். அலை எழும்பக் கூடாது."

துணை அமைச்சர் நன்றி சொல்ல எழுந்தார். "எங்கள் மக்களுக்குத் தேர்தல் முடிவுகளில் முழு நம்பிக்கை உண்டு" என்றார். "ஏனென்றால் முடிவு அவர்களுக்கு முன்பே தெரியும். பதினொரு வருடமாக இங்கே பயிற்சிக்கு வருகிறோம். இன்னும் தேறவில்லை. ஆகவே மேலும் பத்து வருடம் பயிற்சி தேவைப்படுகிறது. அதற்கான ஒப்பந்தத்தில் நாளை மாலை கையெழுத்திடுவேன்."

ஹ்யூகோ கண்ணை மூடித் திறந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சந்திரவதனா காப்பி ஊற்றினாள்.

அன்று மதியம் ஹனான் சமையலறைப் பக்கம் வெந்நீர் கேட்டு வந்தாள். நாற்பது வயது, ஒல்லி, நின்ற இடத்தில் நிற்க முடியாத உடம்பு. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே பேசினாள். இருவருக்கும் தெரிந்தது இரண்டு விதமான உடைந்த ஆங்கிலம். ஆனாலும் ஒன்றுக்கொன்று பொருந்தியது.

அவளுடைய மாவட்டத்தில் போன வருடம் நகரசபைத் தேர்தல் நடந்ததாம். அரண்மனை நிறுத்திய ஆளை எதிர்த்து, குடிநீர் பம்பு நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பொறியியலாளர் நின்றார். அவர்தான் வென்றார். பதினேழு வாக்குச்சாவடிகளையும் எண்ணி முடித்த ஹனான் முடிவைத் தாளில் எழுதி அலுவலகக் கதவில் ஒட்டினாள். மறுநாள் பொறியியலாளரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹனானை அலுவலகத்தின் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். படிவத்துக்கு வேறு பெண் கிடைக்காததால் இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள், ஊர் திரும்பியதும் விசாரணை இருக்கிறது.

"ஏன் ஒட்டினாய் என்று கேட்கிறார்கள்" என்றாள் ஹனான். கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அரபு எழுத்தில் அச்சிட்ட கையேடு. அட்டையில் இந்த மையத்தின் சின்னம். "பக்கம் நாற்பத்தாறு. முடிவை எண்ணிய உடனேயே, யாரையும் கேட்காமல், கதவில் ஒட்ட வேண்டும். நீங்கள்தானே கொடுத்தீர்கள். நான் இதன்படிதான் நடந்தேன் என்று உங்கள் இயக்குநர் ஒரு கடிதம் தந்தால் போதும்."

கடிதத்தை அவள் அன்று பிற்பகலே கேட்டுவிட்டாள். தாழ்வாரத்தில் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு போன சந்திரவதனாவுக்கு ஹ்யூகோவின் பதில் முழுதாகக் கேட்டது.

"உங்கள் துணிச்சல் எங்களை நெகிழ வைக்கிறது" என்றார் அவர். "ஆனால் ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. கையேடு கொடுப்பதோடு எங்கள் கடமை முடிந்தது. அதைப் படித்து யாராவது அப்படியே செய்துவிட்டால், அது அவரவர் சொந்தப் பொறுப்பு."

அன்றிரவு சந்திரவதனாவுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மறுநாள் காலை ஆணையாளராகிவிட்டாள்.

மாதிரித் தேர்தலுக்கு ஒரு மாதிரி நாடு வேண்டும். அதற்கு ஹார்மோனியா என்று பெயர் வைத்து, கைகுலுக்கும் இரண்டு கைகளைக் கொடியில் வரைந்திருந்தார்கள். அச்சுத்தாள் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் கத்தியால் கீறி வாக்குப்பெட்டி செய்தாள் சந்திரவதனா. இரண்டு விளம்பரப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தி வாக்களிக்கும் மறைப்பும் ஆயிற்று. வாக்குச்சீட்டை அச்சிட நேரமில்லை. வெள்ளைத் தாளைத் துண்டாக்கிக் கொடுத்து, விரும்பிய பெயரை எழுதிப் போடும்படி சொன்னார்கள்.

ஜனாதிபதி வேட்பாளராகத் துணை அமைச்சர் தாமாகவே முன்வந்தார். எதிர்த்து நிற்க ஆள் இல்லை. குழுவில் எல்லோரும் திடீரென்று கைபேசியைப் பார்த்தார்கள். மையத்து ஊழியர்கள் நிற்பது இராஜதந்திர ரீதியாகச் சரியாக வராது என்று ஹ்யூகோ சொன்னார். அப்போது குழுவை ஹோட்டலிலிருந்து கூட்டி வந்த மினிபஸ் ஓட்டுநர் மழைக்கு ஒதுங்கிக் காப்பி குடிக்க உள்ளே வந்தார். யஹ்யா என்று பெயர். கஸ்ரானில் பிறந்தவர்தான், இருபது வருடமாக இதே நகரத்தின் எட்மண்டன் பகுதியில் இருக்கிறார். அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

துணை அமைச்சர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஹார்மோனியாவுக்குப் பாலைவனத்தில் ஒரு புதுத் தலைநகரமும் விண்வெளித் திட்டமும் அறிவித்தார். யஹ்யா எழுந்து, "நேற்றுக் காலை ஏழரைக்கு வருவேன் என்றேன், வந்தேன். இன்றைக்கும் வந்தேன். வேறு சொல்ல எதுவும் இல்லை" என்று காப்பியோடு உட்கார்ந்துவிட்டார்.

வாக்குப்பதிவு தொடங்கியது. குழுவினர் எட்டுப் பேர், மையத்து ஊழியர்கள் இருபத்திரண்டு பேர், மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர் என்று மொத்தம் முப்பத்திரண்டு வாக்காளர்கள். சந்திரவதனாவை உட்காரச் சொன்னார்கள். அவளால் உட்கார முடியவில்லை. பெட்டிக்கும் கதவுக்கும் நடந்தாள். இது விளையாட்டு என்று தெரியும். ஆனாலும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபத்தொரு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்று மேசைக்குப் போனபோது, அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாக, "தங்கச்சி, உம்மட வோட்டுப் போட்டாச்சு, நீர் வீட்டை போகலாம்" என்றார். அவளுக்குச் சிரமம் வைக்காததற்காக நன்றியை எதிர்பார்ப்பவர்போல அவர் முகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாக்குப்பெட்டியை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

ஒவ்வொருவரும் மடித்துப் போட்ட தாள் அடியில் விழும் சத்தத்தை அவள் கேட்டாள். முப்பத்திரண்டு முறை கேட்ட பிறகு பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டி எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

ஓட்டுநர் யஹ்யா இருபத்தேழு. துணை அமைச்சர் ஐந்து.

யாரிடமும் கேட்கவில்லை. தாளில் பெரிதாக எழுதி, நேரமும் போட்டு, கையெழுத்து வைத்து, மூன்றாம் அறையின் கதவில் ஒட்டினாள். ஹனான் கூட்டத்தின் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் இளம் ஊழியர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டார்கள். துணை அமைச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார். கோபப்படவில்லை. மையத்து ஊழியர்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

"இருபத்திரண்டு. மொழிபெயர்ப்பாளரையும் ஓட்டுநரையும் சேர்த்தால் இருபத்து நான்கு" என்றான் ராஜீவ்.

"அந்த இருபத்து நான்கு பேரும் ஓட்டுநருக்கே போட்டிருக்கட்டும்" என்றார் துணை அமைச்சர். "அப்படியென்றால் என் ஆட்களில் குறைந்தது மூன்று பேர்." அவர் திரும்பிப் பார்த்தபோது அவருடைய குழுவினர் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

சிறிது நேரத்தில் ஹ்யூகோவின் அறையில் அவசரக் கூட்டம். ஆணையாளர் என்ற முறையில் சந்திரவதனாவையும் அழைத்தார்கள். தோல்வி என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம், துணை அமைச்சரை 'இரண்டாவது வெற்றியாளர்' என்று சொல்லலாம் என்றார் செய்தித் தொடர்பு அலுவலர். ஓட்டுநரை விலகச் சொல்லிவிட்டு மதிய உணவுக்குப் பிறகு இரண்டாம் சுற்று நடத்தலாம் என்றார் இன்னொருவர். மக்களாட்சியில் முடிவைவிட நடைமுறைதான் முக்கியம், ஆகவே முடிவை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் வெளியிடலாம் என்பது ஹ்யூகோவின் கருத்து.

"முதலில் கதவிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்" என்றார் அவளிடம்.

"கையேட்டில் நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறது" என்றாள் சந்திரவதனா.

ஹ்யூகோ பொறுமையாகப் புன்னகைத்தார். "அந்தக் கையேடு வெளிநாட்டுக்காக அச்சிட்டது."

ராஜீவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது மொழிபெயர்ப்பாளர் வந்து துணை அமைச்சரின் வேண்டுகோளைச் சொன்னார். முடிவைப் பற்றி அவருக்கு மனக்குறை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் தயார். ஒரு நினைவுப்பொருளாக வாக்குச்சீட்டுகளை மட்டும் தந்தால் போதும்.

சந்திரவதனா அந்தச் சீட்டுகளை நினைத்துப் பார்த்தாள். சீட்டில் பெயரை எழுதியது கையால். குழுவினர் எல்லோரும் எழுதியது, மையம் பரிசாகக் கொடுத்த பச்சைப் பேனாவால்.

"இரகசிய வாக்கெடுப்பு அல்லவா?" என்று கேட்டாள்.

"நிச்சயமாக" என்றார் ஹ்யூகோ. "அந்த இரகசியம் வாக்காளருக்கும் நாட்டுக்கும் இடையில் உள்ளது. கஸ்ரானைப் பொறுத்தவரை இப்போது இந்தக் கட்டடத்தில் நாடு என்று இருப்பவர் துணை அமைச்சர்தான். பெட்டியைக் கொண்டுவாருங்கள். உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம். நல்ல உறையாகப் பாருங்கள், சின்னம் போட்டதாக."

"சரி, கொண்டு வருகிறேன்" என்று எழுந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நகல் எடுக்கும் அறைக்குப் போனாள். அங்கே தாளை நார்நாராகக் கிழிக்கும் மெஷின் இருந்தது. வாக்குச்சீட்டை அழிப்பது ஆணையாளருக்குக் குற்றம் என்று கையேட்டில் எங்காவது இருக்கும், பக்கம் தெரியவில்லை. நான்கு நான்காக உள்ளே விட்டாள். ஒரு கட்டு நடுவில் சிக்கியது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னுக்கு இழுக்கும் பொத்தானை அழுத்தி, மறுபடி உள்ளே தள்ளினாள். எட்டாவது கட்டும் போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

நார்களைச் சின்னம் போட்ட நல்ல உறையில் அடைத்து ஹ்யூகோவின் மேசையில் வைத்தாள்.

"ஆட்களின் கையெழுத்து உள்ள தாள்களை இதில் போடவும் என்று மெஷினுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்" என்றாள். "அது உள்நாட்டுக்காக ஒட்டியது என்று நினைத்தேன்."

ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வர நாற்பது நிமிடமாயிற்று. மையம் தன் அறை ஒழுங்கமைப்பு முறைகளை மறுசீரமைக்கிறது, நாளையிலிருந்து வர வேண்டாம், இதுவரை அளித்த சேவைக்கு நன்றி என்றார்கள். சந்திரவதனா கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். வாசலில் ஹனான் நடந்துகொண்டிருந்தாள்.

"நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்க மாட்டாயா?"

"ஆணையாளர் கேட்கக் கூடாது" என்றாள் சந்திரவதனா.

ஹனான் சிரிக்கப் பார்த்தாள். "அவர்கள் மூன்று பேரைத் தேடுவார்கள். யாரென்று தெரியாது. ஆனால் எங்கிருந்து தொடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் பஸ். என் பாஸ்போர்ட் துணை அமைச்சரின் செயலாளரிடம் இருக்கிறது." நடப்பதை நிறுத்தினாள். "இந்த ஊரில் ஒருவர் போகாமல் இருப்பதென்றால் என்ன செய்ய வேண்டும்?"

அது சந்திரவதனாவுக்குத் தெரிந்த விஷயம். இருபத்தாறு வருடத்துக்கு முன் அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு வந்த முதல் நிராகரிப்புக் கடிதத்தில், யாழ்ப்பாணத்தில் இயல்பு வாழ்க்கை திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தது. அவள் கைபேசியை எடுத்து ஈஸ்ட்ஹாமில் இருக்கும் வழக்கறிஞர் கஜந்தினியைக் கூப்பிட்டாள்.

"அன்ரி, அவவைக் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் கஜந்தினி. "ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். ஒண்டிலையும் கையெழுத்து வைக்க வேண்டாம்."

நான்கு மணிக்கு மினிபஸ் ஏழு பேரோடு புறப்பட்டது. துணை அமைச்சர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் ஏறினார். விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கும்போது யஹ்யா ஹனானுடையதை மட்டும் இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டார். மறுநாள் காலை அதைக் குட்மேய்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். வென்ற வேட்பாளர் பதவியில் செய்த காரியம் அது ஒன்றுதான். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

ஹனான் சந்திரவதனா வீட்டின் சின்ன அறையில் தங்கினாள். கணவர் பாலேந்திராவுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை. "உம்மட எலக்சனால உமக்கு வேலையும் போச்சு, எனக்கு அறையும் போச்சு" என்று முதல் நாள் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து கடையிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டி கொண்டுவரத் தொடங்கினார். ஹனானுக்குப் பேரீச்சம்பழம் பிடிக்காது. அதைச் சொல்ல அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது.

டிசம்பரில் அவளுடைய அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நிராகரித்திருந்தார்கள். கஜந்தினி தன் அலுவலகத்தில் கடிதத்தை விரித்து வைத்து இருபத்தேழாம் பந்தியை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"கஸ்ரான் நாட்டில இந்த வருஷம் மார்ச்சில ஒரு போட்டித் தேர்தல் நடந்ததாம். அரசாங்கத்து வேட்பாளர் படுதோல்வியாம். ஒரு சாதாரண ட்ரைவர் வெண்டவராம். முடிவை உடனேயே கதவில ஒட்டினவையாம், ஒட்டின பெண் அதிகாரிக்கு ஒரு ஆபத்தும் வரேல்லையாம். அதால இவ திரும்பிப் போறதில பிரச்சினை இல்லையாம். ஆதாரம், ஜனநாயகப் பங்காண்மை மையத்தின்ர ஆண்டறிக்கை, பக்கம் பன்னிரண்டு." நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, இந்த ட்ரைவர் ஆர்?"

"அவர் எட்மண்டனில இருக்கிறார் பிள்ளை" என்றாள் சந்திரவதனா. "அந்தப் பெண் அதிகாரி நான்."

கஜந்தினி ஒரு புது வழக்குக் கோப்பை எடுத்தாள்.

சந்திரவதனா அன்று மாலையே ராஜீவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரிப்போர்ட் ஃபார்ம்ல நாடுன்னு ஒரு கட்டம்" என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "அந்த லிஸ்ட்ல ஹார்மோனியா இல்லை. கஸ்ரான்னு போட்டாத்தான் அடுத்த பக்கமே வரும். மாதிரின்னு எழுத இடமே இல்லைக்கா."

"இப்ப திருத்த ஏலாதோ தம்பி?"

"திருத்தினா கஸ்ரான் திரும்ப மஞ்சளாகும். பதினொரு வருஷத்துல முதல் பச்சை அதுதான். அதை வெச்சு பிரிவுக்கே விருது கிடைச்சிருக்கு. நான் வாயைத் திறந்தா வேலை போகும். வேலை போனா அறுபது நாள்ல விசா போகும். எனக்கும் போக வேற இடம் இல்லைக்கா."

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

மேல்முறையீடு ஜூன் மாதம் விசாரணைக்கு வந்தது. சந்திரவதனா சாட்சி. நீதிபதி ஒரு வயதான பெண்மணி, கடுமையான தடிமன், மேசையில் ஒரு பெட்டி டிஷ்யூ. அரசுத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர். அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டி வைத்திருந்தார்.

"அந்தத் தேர்தலின் தலைமை ஆணையாளர் நீங்கள்தானா?"

"ஆம்."

"மொத்தம் முப்பத்திரண்டு பேர் வாக்களித்ததாகச் சொல்கிறீர்கள். கஸ்ரானின் மக்கள்தொகை நாற்பது இலட்சம். அது குறைவு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?"

"அறைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் வாக்களித்தார்கள்" என்றாள். "என்னைத் தவிர."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எந்த அறை?"

"மூன்றாம் அறை, அம்மா. இரண்டாம் மாடி. ஃபாரிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்."

"வென்ற ஓட்டுநர் இப்போது பதவியில் இருக்கிறாரா?"

"வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். எங்களை அவர்தான் கூட்டி வந்தார்."

இளைஞர் பன்னிரண்டாம் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மஞ்சள் தாளைக் கவனமாக உரித்தெடுத்தார். அதை எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் விரலிலேயே வைத்திருந்தார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஹனான் இருக்கலாம். தீர்ப்பின் நகல் மையத்துக்கும் போனது. மையம் உடனடியாகச் செயல்பட்டு, ஆண்டறிக்கைக்கு ஒரு திருத்தச் சீட்டு வெளியிட்டது. அதைக் கஜந்தினி அனுப்பிவைத்தாள். ஒரே பந்தி: 'பக்கம் பன்னிரண்டில் கஸ்ரான் என்று வரும் இடங்களில் மூன்றாம் அறை என்று திருத்தி வாசிக்கவும். நிறத்தில் மாற்றமில்லை.'

தீர்ப்பு வந்த சனிக்கிழமை பாலேந்திரா கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்தார். சந்திரவதனா ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்திருந்தாள். ஹனான் கடிதத்தை மூன்று முறை வாசித்தாள், மடித்தாள், விரித்தாள், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"என் மாவட்டத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் வாக்களித்தார்கள்" என்றாள். "எனக்கு ஒரு அறை கிடைத்துவிட்டது. பொறியியலாளர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அந்த எண்ணிக்கைத் தாள்களையெல்லாம் அவர்கள் எரித்திருப்பார்கள்."

அவள் மேசையில் உட்கார்ந்து, பாலேந்திராவின் கடைக் கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு வெற்றுத் தாளைக் கேட்டு வாங்கினாள். பதினேழு வாக்குச்சாவடிகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கையைப் போடத் தொடங்கினாள், கண்ணை மூடி, உதட்டை அசைத்து, நினைவிலிருந்து.

"இதை யாருக்கு அனுப்பப் போகிறாய்?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"தெரியவில்லை. முதலில் எழுதி வைக்கிறேன்."

ஒன்பதாவது சாவடியில் பேனா நின்றது. பொறியியலாளருக்கு விழுந்தது இருநூற்றுப் பதினொன்றா, இருநூற்றுப் பதினேழா? எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாள். ஏதாவது ஒன்றைப் போடு, ஆறு வாக்குத்தானே வித்தியாசம், அவர்தானே எப்படியும் வென்றார் என்றாள் சந்திரவதனா. ஹனான் தலையை ஆட்டினாள். அந்தச் சாவடியில் எண்ணும்போது உடனிருந்த பொறியியலாளரின் மனைவிக்குக் கைபேசியில் கேள்வியை அனுப்பினாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பத்தாவதுக்கு இறங்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி, பதில் வரும்வரை நின்றுகொண்டேயிருந்தாள்.